சேகண்டி ஆறு, கை பன்னிரண்டு

பிலிப்பைன்ஸ் பழங்குடி இசை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு படம் போட்டிருந்தோம். வடக்கு லுசோன் மலைகளைச் சேர்ந்த கலிங்கா மக்கள் ஆறு பேர், ஆளுக்கொரு தட்டைச் சேகண்டியை மடியில் வைத்துக் கையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுரையைவிட அந்தப் படத்துக்குத்தான் கடிதங்கள் அதிகம் வந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கே: நம் கோயில் சேகண்டி போலவே இருக்கிறதே! ஆளுக்கொன்றை ஆறு பேர் தட்டினால் அதில் என்ன பாட்டு வரும்? (தஞ்சாவூர் வாசகர்)

ப: அதன் பெயர் காங்சா. வெண்கலத்தைக் குறிக்கும் ‘கம்ச’ என்ற வடசொல் மலாய் மொழிகள் வழியாக அங்கே போய்ச் சேர்ந்த வடிவம் இது. தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று நாம் கருவிகளை நான்காகப் பிரிக்கிறோமே, அந்தக் கஞ்சமும் இதே சொல்தான். சேகண்டியைப் போல நடுவில் குமிழ் இல்லாத தட்டை வட்டம், ஓரத்தில் மடித்த விளிம்பு.

படத்தில் இருந்தது ‘தொப்பாயா’ முறை: மண்டியிட்டு உட்கார்ந்து, சேகண்டியை மடியில் கவிழ்த்து, வெறுங்கையால் வாசிப்பது. பெரியதிலிருந்து சிறியது வரை ஆறுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு: பல்பல், கதுவா, கத்லோ, கபாத், ஒபோப், அனுங்கோஸ். முதல் நான்கு பேருக்கும் பாடம் ஒன்றுதான், தொடங்கும் இடம் மட்டுமே வேறு. எளிமையாக்கிச் சொன்னால், ‘டங்-த-த-த’ என்று நான்கு எண்ணிக்கை. இடது உள்ளங்கை அறைவது ‘டங்’. வலது கை தட்டின் மேல் உரசிக்கொண்டு போவது ‘த’. முதலாமவர் தொடங்கி ஓர் எண்ணிக்கை கழித்து இரண்டாமவர், இன்னும் ஒன்று கழித்து மூன்றாமவர் என்று நுழைகிறார்கள். நான்கு பேரும் சேர்ந்ததும் கேட்பவர் காதில் ‘டங் டங் டங் டங்’ என்று நான்கு ஸ்வரங்கள் சங்கிலியாக ஓடும். அந்த மெட்டை எந்த ஒருவரும் தனியாக வாசிப்பதில்லை. ஐந்தாமவர் மாறாத தாளம் ஒன்றைப் பிடித்துக்கொள்ள, ஆறாமவர் மட்டும் இஷ்டம்போல் விளையாடுவார்.

புதிதாகப் பழகும் குழு தடுக்கி விழும் இடம் இரண்டு. முதலாவது, கையை எடுத்துவிடுவது. அறைந்த கை தட்டைத் தொட்டு ஓசையை அடக்காவிட்டால், நம் ‘டங்’ பக்கத்தில் இருப்பவரின் ‘டங்’ மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நான்கும் கலந்து ஒரே இரைச்சலாகும். இரண்டாவது, ஒவ்வொருவரும் தன் ‘டங்’தான் ‘ஒன்று’ என்று மனத்துக்குள் எண்ணத் தொடங்குவது. நான்காமவர் அப்படி எண்ணினால் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, கடைசியில் முதலாமவர் மேல் போய் விழுவார். எண்ணாமல், தனக்கு முன்னால் அடிப்பவரின் கையைப் பார்த்து வாசிப்பதே வழி. இன்னொன்று, விரலில் மோதிரம் கூடாது. உரசும் கையில் மோதிரம் இருந்தால் கீச்சென்ற சத்தமே முந்திக்கொண்டு வரும்.

இதே சேகண்டியை இடது கையில் தொங்கவிட்டு, கழியால் அடித்தபடி ஆடிக்கொண்டே போவது ‘பட்டுங்’. பக்கத்து இஃபுகாவ் மக்களுக்கு மூன்று சேகண்டி போதும்: தோபோப், ஹிபாத், அஹ்ஹோத்.

கே: கலிங்கா என்றால் நம் கலிங்க நாடா? ‘பழங்குடி’ என்று அங்கே யாரைச் சொல்கிறார்கள்? (விருத்தாசலம் வாசகர்)

ப: ஒலி ஒற்றுமையோடு சரி. பக்கத்துப் பள்ளத்தாக்கு மொழிகளில் ‘பகைவன், தலை கொய்பவன்’ என்ற பொருளில் வழங்கிய சொல் இது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

வடக்கே கார்டிலேரா மலைகளில் கலிங்கா, இஃபுகாவ், போன்டொக், இபலோய், கன்கனாய் முதலியோர் வாழ்கிறார்கள். இவர்களுக்கு ‘இகொரொட்’ என்று பொதுப்பெயர். மிந்தோரோ தீவில் மங்யான் மக்கள். தெற்கே மிந்தனாவோவில் இஸ்லாத்தைத் தழுவாத தீபோலி, மனோபோ, சுபானன் போன்றோர் சேர்ந்து ‘லுமாத்’. அதே தீவின் முஸ்லிம் மக்களான மகிந்தனாவ், மரனாவ் முதலியோர் ‘மோரோ’. மோரோக்களை லுமாதோடு சேர்த்துப் பேசினால் இருதரப்புக்கும் பிடிக்காது. இசையில் ஒருவரிடமிருந்து ஒருவர் நிறைய எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் இங்கே இரண்டையும் தொடுகிறோம். பழங்குடியினர் உரிமைக்கென 1997-இல் தனிச் சட்டம் வந்தது.

கே: மூங்கில் குழாயைத் தரையில் குத்தி இசைப்பதை ஒரு காணொளியில் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்க முடியுமா? அளவுகள் வேண்டும். (பள்ளி இசை ஆசிரியை, உடுமலைப்பேட்டை)

ப: தாராளமாக. அது கலிங்காக்களின் ‘தொங்காதொங்’. முன்பு ஆவிகளை அழைத்துப் பேசும் சடங்குகளில் ஒலித்த கருவி. இப்போது விழா மேடைகளிலும் வருகிறது. பிள்ளைகளிடம் இந்தப் பின்னணியையும் சொல்லிவிடுங்கள்.

மூங்கில் தேர்வில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நம்மிடம் ஏணிக்கும் தடிக்கும் விற்கும் கல்மூங்கில் உள்ளே ஏறக்குறைய கெட்டியாக இருக்கும், குழாய் கிடைக்காது. உள்விட்டம் 5 முதல் 6 செ.மீ. வரை வரும் பொள்ளல் மூங்கில் வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த இளமூங்கில் காயும்போது சுருங்கிப் பிளக்கும். வெட்டியதை இரண்டு வாரம் ஓடும் நீரில் ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்து, துளைக்கும் வண்டு அண்டுவது குறையும். பிறகு நிழலில், நிற்கவைத்து, ஒரு மாதமாவது உலர்த்துங்கள். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெளித்தோல் முதலில் சுருங்கி, நெடுக ஒரு கீறல் விடும். கீறல் விட்ட குழாய் ஒலிக்காது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

அடிக் கணு மூடியிருக்க வேண்டும், மேல்வாய் திறந்திருக்க வேண்டும். கணுவுக்கு வெளியே இரண்டு விரற்கடை விட்டு அறுங்கள். கணுவை ஒட்டி அறுத்தால் நாலு குத்திலேயே அடி தெறித்துவிடும். உள்விட்டம் 6 செ.மீ. என்றால், கணுவின் உள்பக்கத்திலிருந்து வாய் வரை 60, 52, 46, 40, 34, 30 செ.மீ. என ஆறு குழாய்கள். இவை முறையே ஏறக்குறைய 142, 163, 183, 209, 244, 275 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். கணக்கு இதுதான்: உள்நீளத்தோடு விட்டத்தில் பத்தில் மூன்று பங்கைக் கூட்டி, நான்கால் பெருக்கி, ஒலியின் வேகத்தை அதனால் வகுக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் வேகம் நொடிக்கு 350 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அறிவியல் ஆசிரியரையும் இழுத்துவிட நல்ல சாக்கு.

60 செ.மீ. நீளம் ஒரே கணுவிடையில் கிடைப்பது அரிது. இடையில் ஒரு கணு குறுக்கிட்டால் இரும்புக் கம்பியை உள்ளே விட்டு அதைத் தட்டி உடைத்து, விளிம்பை அரத்தால் தேய்த்துவிடுங்கள். பாதி உடைத்து விட்டால் ஒலி அடைத்துக்கொண்டு வரும். எப்போதும் கொஞ்சம் நீளமாகவே அறுத்து, கேட்டுக் கேட்டுக் குறையுங்கள். குறைத்ததை ஒட்டவைக்க முடியாது.

சிமெண்டுத் தரை எதிரி, அடி உடையும். மணலிலோ ஓசை எழாது. கெட்டித்த மண்தரை உத்தமம், இல்லையென்றால் தடித்த பலகை. குழாயைத் தூக்கி அடிக்க வேண்டியதில்லை. ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டுப் பிடித்தால் போதும். மறு உள்ளங்கையை வாயின் மேல் மூடித் திறந்தால் ‘தும்’ ஒரு தரம், ‘தொக்’ ஒரு தரம் என இரண்டு குரல் கிடைக்கும். பாடம் காங்சாவுக்குச் சொன்ன அதே முறைதான், ஒருவர் பின் ஒருவராக நுழைவது. ஆறு பிள்ளைகளில் ஒரு பிள்ளை வராத நாளில் பாட்டில் ஓட்டை விழும், அதையும் எதிர்பாருங்கள்.

கே: மூக்கால் குழலூதுகிறார்களாமே, வேடிக்கைக்கா? (வேலூர் வாசகர்)

ப: இல்லை. கலிங்காவில் ‘தொங்காலி’ என்பார்கள். நீளமான, ஒல்லியான மூங்கில். ஒரு முனையில் கணுவை விட்டுவைத்து அதன் நடுவில் சிறு துளை. முன்பக்கம் மூன்று விரல் துளை, பின்பக்கம் ஒன்று. ஒரு நாசியைப் பஞ்சு போன்ற எதையாவது வைத்து அடைத்துவிட்டு, மறு நாசியின் மூச்சைக் கணுத்துளையின் ஓரத்தில் சாய்வாகப் படவைக்க வேண்டும். மூச்சு துளைக்குள் நேராகப் போனால் புஸ்ஸென்ற காற்றுதான். குழல் ஒல்லி என்பதால் மூச்சைச் சற்றுக் கூட்டினாலே ஒலி மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். இந்தத் தாவலையே வித்தையாக்கி, நான்கு துளையில் நிறைய ஸ்வரம் எடுக்கிறார்கள். கூட்டத்துக்கு இது எட்டாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கான குரல். சளி பிடித்தவருக்கு அன்று விடுமுறை.

கே: நான் மோர்சிங் வாசிப்பவன். பிலிப்பைன்ஸ் மூங்கில் மோர்சிங் ஒன்று பரிசாக வந்தது. சத்தமே வரவில்லை. (சென்னை வாசகர்)

ப: மோர்சிங் பிடிக்கும் கையோடு போனால் வராது. உங்களுக்கு வந்த குபிங் (தீபோலியில் கும்பிங், போன்டொக்கில் அஃபியு) ஒரே மூங்கில் சிம்பில் சட்டமும் நாக்கும் சேர்த்துச் செதுக்கியது. மோர்சிங்கில் வளைந்த கம்பி முனையை, அதாவது நாக்கையே, விரலால் தட்டுகிறீர்கள். குபிங்கில் தட்ட வேண்டியது நாக்கை அல்ல, சட்டத்தின் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை. சட்டம் அதிர, உள்ளிருக்கும் நாக்கு தானே ஆடும்.

இடது கையால் மறுமுனையை லேசாகப் பிடியுங்கள். பல்லில் கடிக்காமல், உதடுகளைச் சற்றுத் திறந்து நாக்குப் பகுதி வாய்க்கு நேராக வரும்படி ஒட்டவையுங்கள். வலது கட்டைவிரலால் முனையைத் தட்டுங்கள். இடது கைப்பிடி நாக்கின் வேர்ப்பக்கம் ஏறினாலும், உதடு நாக்கைத் தொட்டாலும் ஓசை செத்துவிடும். ‘ஆ, ஈ, ஊ’ என்று குரலில்லாமல் வாயை மாற்றினால் மேல் ஒலிகள் ஒவ்வொன்றாக எழும். இது உங்களுக்குப் பழகிய வித்தைதான். ஆனால் மோர்சிங்போல் தாளச் சொற்கட்டுகளைத் தேடாதீர்கள். இதன் பழைய வேலை காதல் தூது. பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் போலச் செய்து வார்த்தையை உணர்த்துவது.

அரைமணி வாசித்தபின் ஓசை மங்கினால் எச்சில் ஈரத்தில் நாக்கு உப்பிச் சட்டத்தில் உரசுகிறது என்று பொருள். துடைத்து, ஒரு மணி நேரம் காற்றில் வையுங்கள். இடுக்கில் கத்தியை விட்டுச் சுரண்ட வேண்டாம்.

கே: மிந்தனாவோவின் குலின்தாங்கில் வரும் எட்டுக் குமிழ்ச் சேகண்டிகளும் எந்தச் சுருதி? ச-ரி-க-ம எழுதித் தர முடியுமா? (மதுரை வாசகர்)

ப: எழுதித் தந்தால் அடுத்த ஊர் செட்டுக்கு அது பொருந்தாது. ஒவ்வொரு செட்டும் தனக்குள்தான் சுருதி சேர்ந்திருக்கும். எல்லாருக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒரே பாட்டை இரண்டு செட்டில் கேட்டால் இடைவெளிகள் மாறும், ஆனால் ஏறி இறங்கும் வடிவத்தை வைத்து இன்ன பாட்டு என்று அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். நம் காதுக்கு முதலில் இது உறுத்தும். ஆகவே ஒன்று உடைந்தால் வேறொரு செட்டிலிருந்து ஒன்றை வாங்கிச் சேர்க்காதீர்கள்.

எட்டும் மரச்சட்டத்தில் கட்டிய கயிற்றின் மேல் வரிசையாக, வாசிப்பவரின் இடப்பக்கம் கனத்த ஒலி, வலப்பக்கம் மெல்லிய ஒலி என இருக்கும். ஏதேனும் ஒன்று மட்டும் ‘டொக்’ என்றால் பெரும்பாலும் கயிறு தளர்ந்து விளிம்பு மரத்தில் இடிக்கிறது. கயிற்றை இழுத்துக் கட்டினால் சரியாகும். மென்மரக் கழியால், குமிழின் உச்சியில் அடிக்க வேண்டும்.

மகிந்தனாவ் குழுவில் இதோடு கனத்த அகுங், நான்கு தொங்கும் சேகண்டிகளான கந்திங்கான், சிறிய பபந்தில், தபகான் முரசு ஆகியவை சேரும். கந்திங்கானில் பேச்சின் தொனியை அடித்துச் செய்தியே அனுப்புவார்கள். பெரியவர்களுக்குத் தெரியாமல் காதலர்கள் பேசிக்கொள்ளவும் இது உதவியிருக்கிறது. பழைய நிதானமான பாணிக்கு ‘கமமதுவான்’, இளையவர்களின் வேகப் பாணிக்கு ‘ககுங்குதான்’ என்று பெயர். தலைமுறைச் சண்டைக்கு அங்கேயும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கே: குட்யாபி என்பது சரஸ்வதியின் கச்சபி வீணைதான் என்கிறார்களே? (கும்பகோணம் வாசகர்)

ப: ‘குட்யாபி’ என்ற சொல் ‘கச்சபி’யிலிருந்து வந்தது என்பதே மொழியியலார் கருத்து. கருவி வேறு. படகு வடிவில் நீளமாகச் செதுக்கிய மரம், இரண்டே தந்தி. ஒன்று மாறாமல் சுருதியாக ஒலிக்க, மற்றதில் மெட்டு. தந்தியை அழுத்தும் உயரமான மெட்டுக்கட்டைகளைத் தேன்மெழுகில் நட்டிருப்பார்கள். நம் வீணையில் மெட்டுகளை நட்டிருக்கும் மேளமும் மெழுகுதானே, வீணைக்காரர்களுக்கு இது உடனே புரியும். மகிந்தனாவ் கலைஞர்கள் கட்டைகளைப் பெயர்த்து நட்டு இரண்டு வரிசைகள் வைப்பார்கள்: அரைஸ்வரம் இல்லாத ‘தினலதாய்’, அரைஸ்வரம் வரும் ‘பினலிக்’. இரண்டும் ஐந்து ஸ்வரம். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போனால் மெழுகு இளகிக் கட்டைகள் சாயும். அந்த மரபின் பெரிய கலைஞர் சமாவோன் சுலைமானுக்கு 1993-இல் நாட்டின் ‘மக்கள் கலைச்செல்வர்’ விருது கிடைத்தது. தீபோலிகளின் ஹெகலுங் இதன் உறவுக் கருவி.

கே: கருவி இருக்கட்டும், பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள். (பல வாசகர்கள்)

ப: எண்ணிக்கையில் மலைக்கவைப்பவை இரண்டு. இஃபுகாவ் மக்களின் ஹுத்ஹுத், 200-க்கு மேற்பட்ட பாடல்கள், ஒவ்வொன்றும் 40 பகுதி. விதைப்பிலும் அறுவடையிலும் இழவு வீட்டிலும் பாடுவது. மூத்த பெண் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாடுவார்கள். எல்லா வரிக்கும் மெட்டு ஒன்றேதான். முழுக்கப் பாட நாட்கணக்கில் ஆகும். கைஅறுவடையோடு சேர்ந்து வாழ்ந்த பாட்டு என்பதால், அந்த வேலை குறையக் குறையப் பாடும் சந்தர்ப்பமும் குறைகிறது. மற்றது மரனாவ் மக்களின் காவியமான தரங்கன்: 17 கதைத் தொகுதி, 72,000 வரி. இரண்டும் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

நமக்குப் பிடித்தது இவற்றைவிடச் சிறியது: ஹனுனுவோ மங்யான் மக்களின் ‘அம்பஹான்’. வரிக்கு ஏழு அசை, இறுதியில் இயைபு. கருவித் துணை கிடையாது. பாடுவதற்கும் ஓதுவதற்கும் நடுவில் ஒரு குரல். விருந்தாளியை வரவேற்க, பெண் கேட்க, பிள்ளைக்குப் புத்தி சொல்ல, விடைபெற எல்லாவற்றுக்கும் ஓர் அம்பஹான் இருக்கும். நேரே சொல்லக் கூச்சமானதை உவமையில் சொல்லிவிடலாம்.

இதைக் கத்திமுனையால் மூங்கிலில் கீறி வைப்பார்கள், தன் உடம்பிலிருந்து விலகிப் போகும் திசையில், கீழிருந்து மேலாக. எழுத்து பிராமிக் குடும்பம், நம் எழுத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் பழைய முறையில் புள்ளி கிடையாது, சொல்லிறுதி மெய்யை எழுதவே மாட்டார்கள். ‘மரம்’ என்பதை ‘மர’ என்று மட்டும் எழுதினால் எப்படி இருக்கும்? படிப்பவர் அது மரமா, மரலா, மரபா என்று இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஏழசைக் கணக்கும் இயைபும் தெரிந்தவருக்கு இதில் குழப்பம் குறைவு, வெளியாள் திணறுவார். பின்னாளில் அங்கே தங்கி ஆய்வு செய்த டச்சுப் பாதிரியார் ஆந்தூன் போஸ்ட்மா, நம் புள்ளியின் வேலையைச் செய்யும் ‘பமுத்போத்’ என்ற குறியைச் சேர்த்தார்.

கார்டிலேராவின் ‘சலிதும்மாய்’ இன்னொரு ரகம். ஒருவர் வரி சொல்ல, எல்லாரும் திருப்பிச் சொல்லி, ‘சலிதும்மாய்’ என்ற பல்லவியில் சேருவார்கள். வரியை அப்போதைக்கப்போது கட்டலாம் என்பதால் எதற்கும் பொருந்தும். சிக்கோ ஆற்றில் அணை கட்டும் திட்டத்தை மலைமக்கள் எதிர்த்த காலத்தில் போராட்டப் பாட்டாகவும் ஆனது. அந்த எதிர்ப்பின் முன்னணியில் நின்ற மக்லிங் துலாக் 1980 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கே: மணிலா பக்கத்தில் உள்ள மூங்கில் ஆர்கனும் பழங்குடிக் கருவியா? (புதுச்சேரி வாசகர்)

ப: இல்லை. லாஸ் பின்யாஸ் தேவாலயத்துக்காக ஸ்பானியப் பாதிரியார் தியேகோ செரா 1824-இல் செய்து முடித்தது. 1,031 குழாய்களில் 902 மூங்கில். மூங்கில் உள்ளூர், இசை ஐரோப்பா. ரொந்தாலா தந்திக் குழுவும் அப்படித்தான்.

கே: பலிங்பிங் என்ற மூங்கில் கருவி ஒன்றை வாங்கி வந்தேன். ஆறே மாதத்தில் அதன் ‘ரீங்’ போய்விட்டது. சரி செய்யலாமா? (பெங்களூரு வாசகர்)

ப: பெரும்பாலும் முடியும். மேல்பாதியில் எதிரெதிராக இரண்டு நாக்கு விட்டுச் செதுக்கிய குழாய் அது. அடிப்பிடியில் பிடித்து மறு கையின் உள்ளங்கை அடிப்பாகத்தில் தட்ட, நாக்குகள் அதிர்ந்து இரையும். பிடிக்குப் பக்கத்துத் துளையைக் கட்டைவிரலால் மூடித் திறந்தால் குரல் மாறும். நாக்குகளுக்கு நடுவில் இருக்கும் பிளவைப் பாருங்கள். தூசியோ ஈரமோ அடைத்திருந்தால் மெல்லிய துணியை நுழைத்து இழுங்கள். பிளவு சுத்தமாக இருந்தும் ஒலிக்கவில்லை என்றால் நாக்கின் வேரில் மயிரிழைக் கீறல் விட்டிருக்கும். குளிரூட்டிய அறையின் வறண்ட காற்றில் இது சகஜம். கீறலுக்குச் சற்றுக் கீழே நூலை இறுக்கிச் சுற்றிக் கட்டினால் அது மேலும் ஓடாது. பசை ஊற்றாதீர்கள். அது பிளவுக்குள் வழிந்து இறுகினால் இருக்கிற ஓசையும் போய்விடும். அடுத்த முறை நாற்காலி விளிம்பில் தட்டிப் பார்க்காமல், கையிலேயே தட்டுங்கள்.